சான்றிதழ் யாருக்குக் காவல்?

உள்ளாடைத் தொழிலில் அறம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது. ஏற்றுமதியாளர் கூட்டங்களில் அதைச் சொல்கிறார்கள், பையிங் ஏஜென்சிகளில் சொல்கிறார்கள், பொருளாதாரம் எழுதுபவர்கள் பத்திரிகைகளிலும் சொல்கிறார்கள். "எங்கள் கம்பெனிகளில் வருஷா வருஷம் ஆடிட் நடக்கிறது. வெளிநாட்டுச் சான்றிதழ் இருக்கிறது. கிராமத்துப் பெண்களுக்கு வேலை கொடுக்கிறோம். இதற்கு மேலும் நெருக்கினால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும். அப்புறம் இந்தப் பெண்கள் எங்கே போவார்கள்?" படித்த நடுத்தர வர்க்கமும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. அவர்களிலும் அக்கறை உள்ளவர்கள், முத்திரை பார்த்து வாங்கினால் தம் கடமை தீர்ந்தது என்று நம்புகிறார்கள்.

இந்தப் பதில் பிழையானது. ஆனால் அதன் ஒரு பாதி உண்மை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வேலை கிடைத்தது உண்மை. 1978-ல் இலங்கையில் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்தபோதும், எண்பதுகளுக்குப் பிறகு திருப்பூர் ஏற்றுமதி வளர்ந்தபோதும், தன் பெயரில் சம்பளம் என்று ஒன்றை முதன்முதலாகக் கையில் வாங்கிய பெண்கள் ஏராளம். அந்தப் பணத்தில் தம்பி படித்தான், கடன் அடைந்தது, சில பெண்கள் வேண்டாத கல்யாணத்தைத் தள்ளிப்போட முடிந்தது. ஆலைகள் மூடிக் கிடந்தால் தேவலை என்று தொழிற்சங்கத்தில் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கேள்வி இதுதான்: வேலைக்குள் நடக்கும் கொடுமைக்கு யார் பொறுப்பு, அந்தப் பொறுப்பை அந்தப் பெண் யாரிடம், எந்தத் தாளைக் காட்டிக் கேட்க முடியும்?

சான்றிதழ் அந்தத் தாள் அல்ல. கம்பெனி பணம் கட்டி, பையருக்குக் காட்டுவதற்காக, மூன்றாவது ஆளிடம் வாங்கும் தாள் அது. அதில் தொழிலாளிக்குக் கையெழுத்து கிடையாது. அது மீறப்பட்டால் அவளுக்கு இழப்பீடு கிடையாது. என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கக்கூடப் பெரும்பாலான இடங்களில் அவளுக்கு வழி இல்லை.

இதன் விலை என்ன என்று உலகம் இரண்டு முறை பார்த்துவிட்டது. 2012 செப்டம்பரில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலை எரிந்தது. 250-க்கும் மேற்பட்டோர் உள்ளேயே கருகினார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற, சமூகப் பொறுப்புக்கென்றே உள்ள சான்றிதழ் கிடைத்திருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு வெளியே ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் செத்தார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த ஆலைகளிலும் ஆடிட் நடந்திருந்தது. கட்டடம் நிற்குமா என்று பார்ப்பது தங்கள் வேலைக்குள் வராது என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கமே என் கட்சிக்குச் சாட்சி. எதைப் பார்ப்பது என்பதைப் பணம் கொடுப்பவர் தீர்மானிக்கும்வரை, சாகப்போகிறவர்களின் கேள்வி அந்தப் பட்டியலில் ஏறாது.

அவ்வளவு பெரிய சாவுகளை விட்டுவிட்டு அன்றாடத்துக்கு வருவோம். ஆடிட் நாள் எப்படி இருக்கும் என்று பனியன் கம்பெனியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதல் நாளே தரை கழுவப்படும். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வந்துவிடும். கழிப்பறையில் சோப்பு இருக்கும். பஞ்சு பறக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு முகக்கவசம் கொடுப்பார்கள். கைமடி என்னும் உதவியாட்களில் வயது குறைந்தவர்களுக்கு அன்றைக்கு லீவு. ஒன்றரை ஷிப்ட் ஓடியதைக் காட்டாத தனிப் பதிவேடு மேசைமேல் இருக்கும். "எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள் என்று கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்" என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொடுப்பார். பேட்டி எடுக்க வருபவர் ஆலைக்குள்ளேயே, அதிலும் நிர்வாகம் தேர்ந்தெடுத்த சில பேரை, சில நிமிஷம் பார்த்துவிட்டுப் போவார். ஆடிட்டர் நேர்மையானவராகவே இருக்கட்டும். மறுநாள் தன் வேலை இருக்குமா என்று தெரியாத பெண், முன்பின் அறியாத ஒருவரிடம், சூப்பர்வைசர் தன் இடுப்பைக் கிள்ளினான் என்று எப்படிச் சொல்வாள்?

உள்ளாடை தைக்கும் வேலைக்கு இதில் ஒரு தனிக் கடுமை உண்டு. ஒரு பிராவை மேசைமேல் பிரித்து வைத்துப் பாருங்கள். இரண்டு கப், அவற்றின் உள் லைனிங், பக்கத்து விங், மேல் எலாஸ்டிக், அடி எலாஸ்டிக், வயர், அந்த வயர் ஓடும் நாடா, இரண்டு ஸ்ட்ராப், ரிங், ஸ்லைடர், பின்னால் கொக்கியும் அதன் கண்ணும், நடுவில் ஒரு சின்ன ரிப்பன் பூ. இருபது முப்பது உருப்படிகள் சேர்ந்தால்தான் ஒன்று. ஒரு சட்டையில் துணி ஓடும் தூரம் நீளம், கை கொஞ்சம் ஓய்வெடுக்கும். இதில் எல்லாமே விரல் நீளத் தையல், அதுவும் வளைவுத் தையல், இழுபடும் துணியில். எலாஸ்டிக்கை இழுத்துப் பிடிக்கும் அளவு ஒரு நூல் மாறினால் அளவு தப்பிவிடும், பீஸ் திரும்பி வரும். லைனில் ஒருத்தி எழுந்து கழிப்பறைக்குப் போனால் அடுத்தவள் மேசையில் பண்டல் குவியும். அதனால்தான் போவதற்கு டோக்கன், போன நேரத்துக்குக் கணக்கு, தண்ணீர் குடிக்காமலேயே நாளை ஓட்டும் பழக்கம், அதனால் வரும் சிறுநீர்த் தொற்று. இது எந்தச் சான்றிதழிலும் குற்றமாகப் பதிவாவதில்லை. அங்கே கழிப்பறைகளை எண்ணுவார்கள். கழிப்பறைக்குப் போக முடிகிறதா என்று எண்ணுவதில்லை.

2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் வேலை செய்யும் நூறு பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால் சூப்பர்வைசர் ஒரு மாத்திரை தருவார். அது என்ன மாத்திரை என்று உறையில் எழுதியிருக்காது. வலி நின்று வேலை ஓடும். அந்தப் பெண்கள் பிறகு மாதவிடாய்க் கோளாறு, கட்டி, கருச்சிதைவு என்று ஆஸ்பத்திரிக்கு அலைந்த கதைகளைச் சொன்னார்கள். பெண் உடலைக் கொண்டாடுகிறோம் என்று விளம்பரம் செய்யும் தொழில்களுக்குத் துணி தைக்கும் ஊர்களில், தைக்கிறவளின் உடல் நடத்தப்பட்ட விதம் இது. இதைக் கண்டுபிடித்தது எந்த ஆடிட்டும் அல்ல.

கூலி விஷயமும் இதே கதைதான். "சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கொடுக்கிறோம்" என்பது ஆடிட் அறிக்கைகளில் தவறாமல் வரும் வரி. தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்கான அந்தக் குறைந்தபட்சக் கூலியே பத்தாண்டுக்கும் மேலாகச் சரியாகத் திருத்தப்படாமல் கிடந்தது. 2014-ல் அரசு உயர்த்தி ஆணையிட்டது. முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் உயர்வு செல்லும் என்றது. இடைப்பட்ட காலம் முழுக்க, பிந்திப்போன கூலியைக் கொடுத்த கம்பெனிகள் சான்றிதழில் நல்ல பிள்ளைகளாகவே இருந்தன.

இனி, கொக்கி முதல் பெட்டி வரை உள்ளாடை மட்டுமே தைத்த ஓர் ஆலையின் கதை. தாய்லாந்தின் சமுத் பிரகான் மாகாணத்தில் இருந்த பிரில்லியன்ட் அலையன்ஸ் ஆலை விக்டோரியாஸ் சீக்ரெட், லேன் பிரையன்ட், டாரிட் ஆகிய அமெரிக்க பிராண்டுகளுக்குப் பிரா தைத்தது. 2021 மார்ச்சில், தொற்றுக் காலத்தின் நடுவே, கம்பெனி திவால் என்று சொல்லிக் கதவை மூடினார்கள். 1,250-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், பலர் வாழ்நாளில் வேறு வேலையே பார்க்காதவர்கள். தாய்லாந்துச் சட்டப்படி அவர்களுக்குப் பணிமுடிவுத் தொகை உண்டு. கம்பெனி அதைக் கொடுக்கவில்லை. பத்து வருஷத் தவணையில் தருவதாக ஒரு பேச்சும் வந்தது. ஐம்பது வயதைத் தொட்டவளிடம் அறுபது வயதுவரை காத்திரு என்பது போல.

அந்த பிராண்டுகளிடம் நடத்தை நெறி இல்லையா? இருந்தது. சப்ளையர் உள்ளூர்ச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்று அதில் எழுதியும் இருந்தது. நெறி தாளில் கிடக்க, பெண்கள் ஓராண்டுக்கு மேல் பாங்காக்கில் அரசு அலுவலகத்துக்கும் தூதரகத்துக்கும் முன்னால் போராடினார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது, அதுவும் பழைய சங்கம். ட்ரயம்ப் நிறுவனம் அந்த ஆலையை நடத்திய காலத்தில் உருவானது அது. 2009-ல் ட்ரயம்பின் தாய்லாந்துக் கிளை ஏறத்தாழ 2,000 பேரை வெளியே அனுப்பியபோது, அவர்களில் சிலர் போராட்டத்தின் நடுவே தையல் மெஷின்களை வைத்துக்கொண்டு 'ட்ரை ஆர்ம்' என்று தங்கள் சொந்த உள்ளாடையையே தைத்து விற்றிருக்கிறார்கள். பிரில்லியன்ட் அலையன்ஸ் பெண்களும் அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் அவர்களோடு சேர்ந்தன, பிராண்டுகளின் பெயரைப் பொதுவெளியில் சொல்லிக் கேட்டன. 2022 மே மாதம் 83 லட்சம் டாலர் வந்தது. விக்டோரியாஸ் சீக்ரெட் ஆலை உரிமையாளர்களுக்குக் கடனாகக் கொடுத்த பணம் அது. ஒரே ஆலையில் பறிக்கப்பட்ட கூலிக்காக இதுவரை மீட்ட தொகைகளில் மிகப் பெரியது என்று அன்று சொன்னார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே. கொடுக்க முடியாது என்று ஓராண்டு சொல்லப்பட்ட தொகையைக் கொடுக்க முடிந்தது. பிராண்டுக்கு அந்த ஆலைமேல் பொறுப்பு இல்லை என்ற வாதம் ஓராண்டு நின்றது, பிறகு அந்தப் பணம் வந்ததோடு விழுந்தது. நடுவில் மாறியது பிராண்டின் மனசாட்சி என்று நான் நம்பவில்லை. கேட்பவர்களின் பலம் மாறியது.

இலங்கையின் கதையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'அறமான உற்பத்தி' என்ற சொல்லை நாட்டின் அடையாளமாகவே விற்றது அந்த நாடுதான். 2006-ல் ஆடைத் தொழிலின் கூட்டமைப்பு 'குற்றவுணர்வு இல்லாத ஆடை' என்ற பெயரில் உலகெங்கும் பிரச்சாரம் செய்தது. குழந்தைத் தொழில் இல்லை, கொத்தடிமை இல்லை என்றார்கள். அது பெருமளவுக்கு உண்மை. உலகின் பெரிய உள்ளாடை பிராண்டுகள் பல அங்கே தைக்கின்றன, ஆலைகள் பளிச்சென்று இருக்கின்றன. 2009-ல் யுத்தம் முடிந்த பிறகு கிளிநொச்சியிலும் ஆலைகள் வந்தன, விடியல், வானவில் என்று பெயர் வைத்தார்கள். யுத்தத்தில் எல்லாம் இழந்த தமிழ்ப் பெண்கள் அவற்றில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஆனால் கூட்டுப்பேரம் என்ற இடத்துக்கு வரும்போது கதவு ஒருக்களித்துத்தான் இருக்கிறது. ஆலையில் 40 விழுக்காட்டினர் உறுப்பினராக இருந்தால்தான் நிர்வாகம் சங்கத்தோடு பேசியாக வேண்டும். விடுதியில் தங்கி, சில வருஷம் வேலை பார்த்து ஊர் திரும்பும் பெண்களிடையே அந்த எண்ணிக்கையை எட்டுவது எவ்வளவு சிரமம் என்று யாரும் ஊகிக்கலாம். 2011 மே மாதம் ஓய்வூதிய மசோதாவை எதிர்த்துக் கட்டுநாயக்க தொழிலாளர்கள் திரண்டபோது போலீஸ் சுட்டு ஓர் இளைஞர் இறந்தார். மசோதா திரும்பப் பெறப்பட்டது. அதைத் திரும்பப் பெறவைத்தது தெருவில் நின்ற தொழிலாளர் கூட்டம்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொலையுண்டு கிடந்தார். அவருடைய சூப்பர்வைசர்மேல் கொலை வழக்கு பதிவானது. அந்த ஆலையில் பாலியல் தொல்லை நெடுநாளாக நடந்துவந்தது என்று தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் சொன்னது. பெண்களே தலைமை தாங்கும், தலித் பெண்கள் பெரும்பான்மையாக உள்ள சங்கம் அது. பின்னர் நடந்த சுயேச்சை விசாரணையும் அதையே சொன்னது. எச் அண்ட் எம் போன்ற பிராண்டுகளுக்குத் தைத்த ஆலை அது. ஆடிட் தெரியாத இடமல்ல.

பிறகு நடந்ததைத்தான் சான்றிதழ்க்காரர்கள் பேசுவதே இல்லை. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும் ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் எச் அண்ட் எம்மும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கேப் நிறுவனமும், கால்வின் க்ளைன் பெயரில் உலகெங்கும் உள்ளாடை விற்கும் பி.வி.எச் நிறுவனமும் அதில் சேர்ந்தன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று இன்று உலகம் அதை அழைக்கிறது. சங்கம் பயிற்சி கொடுத்த தொழிலாளர்களே ஒவ்வொரு பகுதியிலும் கண்காணிப்பார்கள். புகார் சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது. நிர்வாகம் மீறினால் பிராண்ட் தன் ஆர்டரை வைத்து நெருக்கியாக வேண்டும், அது பிராண்டின் விருப்பம் அல்ல, சட்டப்படியான கடமை. தகராறு வந்தால் நடுவரிடம் போகலாம். முதல் ஆண்டிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன, ஏறத்தாழ எல்லாமே தீர்ந்தன. இந்த எண்ணிக்கையை ஆலைக்கு எதிரான சாட்சியாகக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. புகாரே வராத ஆலையைக் கண்டுதான் நான் பயப்படுவேன்.

ஆர்டர் ஓடிவிடும் என்ற பயமுறுத்தல் இங்கே என்ன ஆயிற்று? 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை கட்டாய உழைப்பு அறிகுறிகளைச் சொல்லி நாச்சி ஆலையின் சரக்குக்குத் தடை போட்டது. செப்டம்பரிலேயே தடை நீங்கியது. தொழிலாளர் நலனுக்கான கட்டாய ஒப்பந்தம் ஒன்று ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது அதற்குப் பெரிதும் உதவியது. சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் கம்பெனிக்கே காவலாக நின்றது.

இந்தப் பயமுறுத்தலைத் திருப்பூர் முன்பும் கேட்டிருக்கிறது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணை விஷக் குட்டையாகி, விவசாயிகள் வழக்கு மேல் வழக்கு போட்டபோது, கழிவே வெளியேறாத சுத்திகரிப்பு என்பது நடக்காத காரியம், ஊர் அழிந்துவிடும் என்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த வருஷம் ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல, ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்து ஊருக்குத் திரும்பினார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அரசு கடன் கொடுத்தது, சுத்திகரிப்பு நிலையங்கள் சீராகின, தொழில் திரும்ப எழுந்தது. 2024-25-ல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். 2011-ல் இருந்ததைவிட ரூபாய்க் கணக்கில் இரண்டு மடங்குக்கும் மேல். அன்று நடக்காது என்றவர்களின் சங்கங்களே இன்று அந்தச் சுத்திகரிப்பைப் பெருமையாகச் சொல்லி வெளிநாட்டு பையர்களை அழைக்கின்றன. ஆற்றின் விஷயத்தில் கட்டாயம் தொழிலைக் கொல்லவில்லை. ஆளின் விஷயத்தில் மட்டும் கொன்றுவிடும் என்பதற்கு என்ன ஆதாரம்?

ஆர்டரை உண்மையில் பறித்தது யார் என்றும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் பெரிய பிராண்டுகள் பல, தைத்துப் பெட்டியில் அடுக்கி வைத்த சரக்கையே வேண்டாம் என்றன, விலையைப் பாதியாகக் கேட்டன. அப்போது எந்தத் தொழிற்சங்கமும் அவர்களை விரட்டவில்லை. அவர்கள் அனைவரிடமும் அழகான நடத்தை நெறி இருந்தது. அந்த நெறி சப்ளையரைக் கட்டும், பையரைக் கட்டாது. சப்ளையர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் இதில் நசுங்குகிறார்கள். பீஸுக்கு இத்தனை சென்ட் என்று விலையை இறுக்கிவிட்டு, தாமதமானால் விமானச் செலவை நீயே கட்டு என்று சொல்லிவிட்டு, ஓவர்டைம் ஏன் என்று கேட்க ஆடிட்டரையும் அனுப்புகிறவருக்கு அறம் பற்றிப் பேச என்ன தகுதி? விலையிலும் தவணையிலும் பிராண்டும் கையெழுத்திட்டுக் கட்டுப்பட்டால்தான் கம்பெனி முதலாளிக்கும் மூச்சு விட முடியும்.

முத்திரை பார்த்து வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. உள்ளாடைப் பெட்டிகளில் அதிகம் தென்படும் முத்திரைகளில் ஒன்று ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100. துணியில் கெடுதலான ரசாயனம் இல்லை என்பதற்கான உத்தரவாதம் அது. அணிபவரின் தோலுக்கு அது காவல், நல்லதுதான். தைத்தவளின் கூலியைப் பற்றி அந்த முத்திரை எதுவும் சொல்வதில்லை, சொல்வதாக அந்த அமைப்பு கூறவும் இல்லை. நாமாகத்தான் அப்படி நினைத்துக்கொள்கிறோம். கடையில் நின்று ஒருவர் தனியாக எடுக்கும் முடிவால் ஒரு லைனின் டார்கெட் குறையாது. வாங்குகிறவர்களுக்கு உண்மையில் அக்கறை இருந்தால், அந்த பிராண்ட் எந்தச் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்று கேட்கட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஏற்றுமதி. நம் ஊர்க் கடைகளில் தொங்கும் ஜட்டியும் பனியனும் பிராவும் பெரும்பாலும் எந்த ஆடிட்டும் இல்லாமல் வருபவை. சிறு கம்பெனி, பவர் டேபிள், ஜாப் ஒர்க், சந்து வீட்டில் கொக்கி தைக்கும் பெண்கள். டிவியில் நடிகரை வைத்து விளம்பரம் செய்யும் உள்நாட்டு பிராண்டுகளுக்கு, தங்கள் சரக்கு எந்த வீட்டில் தைக்கப்படுகிறது என்று சொல்லும் கட்டாயம் இல்லை. இங்கே வெளிநாட்டு பையரைக் காரணம் காட்டவும் முடியாது, ஆர்டர் டாக்காவுக்கு ஓடும் என்றும் சொல்ல முடியாது.

திருப்பூருக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. 1984-ல் பஞ்சப்படி கேட்டு இந்த ஊரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பனியன் தொழிலாளர் சங்கங்களும் முதலாளி சங்கங்களும் உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடும் வழக்கம் இங்கே பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் இன்னும் பீஸ் ரேட்டும் படியும்தான் பேசப்படுகின்றன, மேசையின் இரு பக்கத்திலும் பெரும்பாலும் ஆண்களே உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த முறை பேசும்போது தொழிலாளர் பக்கத்து நாற்காலிகளில் பாதியைப் பெண் டெய்லர்களுக்கும் கைமடிகளுக்கும் கொடுக்கட்டும். பாலியல் புகாரை விசாரிக்கும் குழுவில் சங்கப் பெண்கள் இருக்க வேண்டும், கழிப்பறை டோக்கன் ஒழிய வேண்டும், பெயர் தெரியாத மாத்திரை கொடுத்தால் தண்டனை வேண்டும், ஜாப் ஒர்க் போகும் வீடுகளின் பட்டியல் வேண்டும் என்று ஒவ்வொன்றையும் ஷரத்தாக எழுதட்டும். உள்நாட்டு பிராண்டுகளின் உரிமையாளர்கள் நேரில் வந்து அதன் அடியில் கையெழுத்துப் போடட்டும்.